சூளைக்குள் எல்லார் பானையும்

என் பெரியப்பா மகனுக்கு மட்பாண்டங்களில் பெரிய ஆர்வம் கிடையாது. நான் கூப்பிட்டேன் என்பதற்காகத்தான் அந்தக் கண்காட்சிக்கு வந்தான். எங்கள் ஆசிரியை செய்த கலயங்களின் முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நின்றான். விலைச்சீட்டைப் பார்த்தான், மறுபடியும் கலயத்தைப் பார்த்தான். வெளியே வந்ததும் கேட்டான்: "இவ்வளவு நல்லா செய்றவங்க எதுக்கு க்ளாஸ் எடுக்கணும்? விக்கிறதில்லையா?"

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஓவியரோ சிற்பியோ வாரக் கடைசியில் வகுப்பு நடத்துகிறார் என்றால், கலை சோறு போடவில்லை, பாவம், ஏதோ பிழைப்புக்குச் செய்கிறார் என்று ஒரு முடிவு. ஆனால் இதே நாம் பாட்டு விஷயத்தில் எப்படிப் பேசுகிறோம்? ஒரு வித்வானைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வியே "யார்கிட்ட பாடம்?" என்பதுதான். அடுத்தது "சிஷ்யர்கள் யார் யார்?" நாதஸ்வரத்துக்கும் அப்படித்தான், தெருக்கூத்துக்கும் அப்படித்தான். கடைசிவரை ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்காமல் போன கலைஞரைப் பற்றி ஊர் ஒரு குறையோடுதான் பேசும். மண்ணுக்கும் வண்ணத்துக்கும் வந்தவுடன் மட்டும் கணக்கு ஏன் தலைகீழாகிறது என்று எனக்குப் புரியவில்லை. பெரியப்பா மகனுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் போகும் ஸ்டூடியோ தென்சென்னையில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. இரண்டு கலைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஒருவர் மட்பாண்டக் கலைஞர், இன்னொருவர் ஓவியர். முன்னறையில் சக்கரங்கள், பின்னால் பலகைத் தட்டுகள், துணி துவைக்கும் இடமாக இருந்த கொல்லைப்புறத்தில் மும்முனை மின்இணைப்போடு ஒரு மின்சூளை. மாதக் கட்டணம் கட்டினால் அவரவருக்கு ஒரு தட்டு கிடைக்கும். மண், கருவிகள், சூளை எல்லாம் பொது. கல்லூரிப் பெண்கள், ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருபவர்கள் என்று கலவையான கூட்டம். ஆசிரியையை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அவரைவிட மிகவும் மூத்த ஒருவருக்கும் அவர் அக்காதான்.

மற்ற கலைகளிலிருந்து மண் எங்கே வேறுபடுகிறது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது, இதில் ஆசிரியர் திருத்திக் கொடுக்க முடியாது என்பதை. ஓவிய வகுப்பில் தூரிகையை வாங்கி ஒரு கோடு போட்டுக் காட்டலாம். படம் பிழைத்துவிடும். சக்கரத்தில் சுற்றும் பானையில் இன்னொருவர் கை வைத்தால் அது அவருடைய பானையாகிவிடும், அல்லது சரிந்துவிடும். அதனால் அக்கா வேறு வழியில் சொல்லிக் கொடுக்கிறார். சுற்றும் மண்ணை அலையாமல் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதைக் கற்றுத் தரும்போது, சென்டரிங் என்றுதான் ஸ்டூடியோவில் சொல்வோம், தன் கையை மண்ணின் மேல் வைக்காமல் நம் கையின் மேல் வைக்கிறார். இடது முழங்கை தொடையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்க்கிறார். மண் அலைகிறதென்றால் தப்பு பெரும்பாலும் மண்ணில் இருக்காது, தூக்கிய தோளில் இருக்கும். "மூச்ச விடுங்க" என்பார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் தெரியும். அந்த மூச்சு இறங்கியதும் மண்ணும் அடங்கும். உள்ளங்கைக்கு அடியில் அது ஓடுவதே தெரியாத அளவுக்கு நிலைத்து நிற்கும்.

அப்புறம் அந்தக் கம்பி. கலயம் சுமாராக நின்றுவிட்டது, நமக்கு ஒரே பூரிப்பு. அக்கா வந்து பார்த்து, "நல்லா வந்திருக்கு, அறுத்துப் பாக்கலாமா?" என்று கேட்பார். கேட்காமல் அறுத்ததே இல்லை. சம்மதித்தால் மெல்லிய கம்பியை வாயிலிருந்து அடிவரை நேராக இழுப்பார். கலயம் இரண்டாகப் பிரியும். வெட்டுமுகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். மேலே தாளாக மெலிந்து, கீழே ஒரு விரல் தடிமன் தேங்கி நிற்கும் மண். அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. அவர் எதுவும் சொல்ல மாட்டார், பாதிக் கலயத்தை நம் கையில் கொடுத்துவிடுவார். விளக்கத்தில் கிடைக்காத பாடம் அதில் கிடைக்கும். புதிதாக வந்த ஒரு பெண் ஒருமுறை சம்மதிக்கவில்லை. முதல் கலயம், அறுக்க மனமில்லை. அக்கா அதை அப்படியே பலகையில் வைத்துப் பெயர் எழுதச் சொன்னார். எப்போது அறுக்கச் சொல்ல வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று தெரிவது பெரிய விஷயம். அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

தரை துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் விளக்குமாறே கிடையாது. காய்ந்த மண்ணைப் பெருக்கினால் எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்கள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். பல வருடம் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணப்படுத்த முடியாது. அதனால் ஈரத்துணி, ஸ்பாஞ்சு மட்டும்தான். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மண்டியிட்டுத் துடைக்க வேண்டும், அக்கா உட்பட. பணம் கட்டி வருகிறோம், தரையும் நாங்களே துடைக்க வேண்டுமா என்று முகம் சுளித்து நின்றுபோனவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கடைசிக் கால்மணி நேரம்தான் ரொம்பப் பிடிக்கும். எந்த மேசை யாருடையது என்று பார்க்காமல் துடைப்போம்.

ஆனால் ஒரு மட்பாண்ட ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் சக்கரத்தைப் பார்த்தால் போதாது. சூளை அடுக்கும் நாளில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் சூட்டை பிஸ்க் என்பார்கள். ஏறக்குறைய 1000 டிகிரி. இதில் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக்கூட வைக்கலாம், ஒட்டிக்கொள்ளாது. ஆனால் எந்தப் பானையிலாவது ஈரம் மிச்சம் இருந்தால் ஆபத்து. 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் பானையை வெடிக்க வைக்கும். சிதறும் துண்டுகள் பக்கத்துப் பானைகளையும் உடைக்கும். இதற்காக அக்கா ஒவ்வொரு பானையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அது திரும்பத் தட்டுக்குப் போகும். இரவு முழுக்கக் குறைந்த சூட்டில் விட்டு, பிறகுதான் மெல்ல ஏற்றுவார். 573 டிகிரி வாக்கில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று உருமாறிக் கொஞ்சம் விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் விரிசல்.

இரண்டாவது சூடு கிளேஸுக்கு. எங்கள் சூளையில் 1220 டிகிரியை ஒட்டிப் போகும். கிளேஸ் என்பது பானைமேல் பூசும் பளபளப்புப் பூச்சு, அடிப்படையில் கண்ணாடி. சிலிக்காதான் கண்ணாடியாகிறது. அது தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் உருகுநிலையைக் குறைக்கச் சில பொருட்கள், வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்தக் களிமண். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் அதிலும் கிளேஸ் செய்யலாம். தடிமனாகப் பூசிவிட்டால் உருகி வழிந்து, கீழே இருக்கும் சூளைத் தட்டோடு பானையை ஒட்ட வைத்துவிடும். பானை போகும், விலை அதிகமான அந்தத் தட்டும் போகும். இரண்டு பானைகள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றாகிவிடும்.

அக்காவின் சொந்தக் கலயங்கள், அடுத்த கண்காட்சிக்கு உரியவை, பல வாரங்கள் உழைத்துச் செய்தவை, இதே சூளையில்தான் போகின்றன. புதிதாக வந்த பெண்ணின் கோணல் கிண்ணத்துக்குப் பக்கத்தில். வங்கிக்காரர் பேரனுக்காகச் செய்த ஆமைக்கு மேல்தட்டில். தனியாக ஒரு சூட்டுக்கு அவர் காத்திருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பாதி நிறைந்த சூளையைச் சுடுவது மின்சாரத்துக்கும் கேடு, சூடும் சீராகப் பரவாது. எல்லாவற்றையும் சேர்த்து அடுக்குகிறார். எங்கள் பானைகளின் அடியைத் திருப்பிப் பார்த்து, கால்வட்டத்தில் ஒட்டியிருக்கும் கிளேஸை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கிறார். ஒரு பானைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்கிறார். எங்கள் கைப்பிழை அவர் உழைப்பை உடைக்கக்கூடும் என்று நன்றாகத் தெரிந்தும் இப்படி அடுக்குகிறாரே, அவரைப் "பிழைப்புக்கு க்ளாஸ் எடுப்பவர்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒருமுறை அப்படி உடைந்தது. யாருடையது வெடித்தது என்று துண்டுகளைப் பார்த்தாலே தெரியும். அக்கா எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளிவிட்டு, அடுத்த வகுப்பில் தடிமனான உருவங்களை உள்ளே குடைவது எப்படி என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார். யார் என்று சொல்லவில்லை.

பாட்டில் கேட்கும் அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்கலாம். அக்கா யாரிடம் பாடம்? பாண்டிச்சேரியில் படித்த ஒருவரிடம்.

பாண்டிச்சேரி என்றால் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. 1971ல் அமெரிக்காவிலிருந்து வந்த டெபோரா ஸ்மித், ரே மீக்கர் இருவரும் தொடங்கியது. டெபோரா ஜப்பானில் பிஸென் என்ற மட்பாண்ட ஊரில் இருந்து கற்றவர். ரே கட்டடக்கலை படித்துவிட்டு மண்ணுக்கு வந்தவர். இங்கே சுடுமண் வேலை ஆயிரக்கணக்கான வருடங்களாக இருக்கிறது என்றாலும், 1200 டிகிரிக்கு மேல் சுட்டுக் கல்போல இறுகும் ஸ்டோன்வேர் நம் குயவர் மரபில் இல்லாதது. வட இந்தியாவில் ஜப்பான் போய்க் கற்று வந்த சர்தார் குர்சரண் சிங், டெல்லி புளூ பாட்டரி மூலம் அதற்கு ஓர் இடம் உண்டாக்கினார். தெற்கே அந்த வேலையைப் பாண்டிச்சேரி செய்தது. கடலூர், பாண்டிச்சேரிக் கடலோரத்தில் மண்டிக் கிடக்கும் சவுக்கு விறகுதான் அவர்கள் சூளைக்கு எரிபொருள்.

விறகுச் சூளையில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதை ஒருவரால் தனியாகச் சுட முடியாது. மணிக்கணக்கில் விறகு ஊட்ட வேண்டும், முறைவைத்து ஆள் மாற வேண்டும், ஒருவர் தீயின் நிறத்தைப் பார்க்க, இன்னொருவர் உள்ளே வைத்த கோன் சாய்கிறதா என்று துளை வழியே பார்க்க வேண்டும். கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் வளைந்து தலைசாயும் சின்னக் கூம்பு. ஜெர்மனியில் செகர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது, இன்றைக்கு மின்னணுக் கருவி இருந்தும் யாரும் இதைக் கைவிடவில்லை. சூளைக்கு ஆள் வேண்டும் என்பதாலேயே மட்பாண்டப் பட்டறை என்பது பெரும்பாலும் கூட்டமாகத்தான் இருந்திருக்கிறது. கற்பவர்கள் இல்லாமல் சூளை எரியாது.

1980களில் தொடங்கி அங்கே மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஏழு மாதப் பயிற்சி. மும்பை, டெல்லி, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ஆதில் ரைட்டர், வினீத் கக்கர், மாத்வி சுப்ரமணியன், ஷர்பானி தாஸ்குப்தா என்று இன்று இந்திய மட்பாண்டக் கலையில் பெயர் சொல்லப்படும் பலர் அங்கே பயின்றவர்கள். 2018ல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் முதல் இந்திய செராமிக்ஸ் டிரையினாலே என்ற பெரிய மட்பாண்டக் கண்காட்சி நடந்தபோது, அதை முன்னின்று நடத்திய குழுவில் இந்த மாணவர்கள் சிலர் இருந்தார்கள். ஆரோவில்லில் இத்தனை மண்பட்டறைகள் இருப்பதற்கும் இந்த ஓர் இடம் பெரிய காரணம். ரே மீக்கர் தன் கலையை இவர்களால் இழந்தாரா? மாணவர்கள் நிறைந்திருந்த அதே 1980களிலும் 90களிலும்தான் அவர் பச்சை மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டுக்குள் செங்கல்லும் பானையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். ஈரான் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் சோதனைகளிலிருந்து பிறந்த யோசனை அது. அப்படி ஒரு வேலையை ஆள் கூட்டம் இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இதெல்லாம் பத்திரிகைகளில் வந்த கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த சுற்றுக் கிராமத்து ஆட்கள் சக்கரமும் சூளையும் கிளேஸும் கற்றுக்கொண்டார்கள். பலர் பின்னால் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். பாண்டிச்சேரி பாட்டரி என்று கடைகளில் கிடைக்கும் கோப்பைகளும் தட்டுகளும் அப்படிப் பரவியவைதான். அவர்களிடமிருந்து மேலும் பலர் கற்றார்கள். ஏழு மாதம் படித்துப் போனவருக்குக் கண்காட்சிப் பட்டியலில் பெயர் வருகிறது. பத்து வருடம் சக்கரத்தில் இருந்தவரைத் தொழிலாளி என்கிறோம். இந்த வித்தியாசத்தை அந்த ஓர் இடத்தின் தலையில் மட்டும் நான் கட்டவில்லை, நம் நாட்டில் எங்கும் இப்படித்தான். ஆனால் பகிர்ந்துகொள்ளும் ஸ்டூடியோ என்று பேச ஆரம்பித்தால் இதைப் பேசாமல் இருக்க முடியாது.

எங்கள் ஸ்டூடியோவிலும் ஓர் அண்ணன் இருக்கிறார். மண் பிசைவது, பழைய மண்ணை ஊறவைத்துத் திரும்பப் பதப்படுத்துவது, சூளையைக் கவனிப்பது எல்லாம் அவர். பாண்டிச்சேரி பக்கத்து ஊர், பானை செய்யும் குடும்பம். அவர் அப்பா திருவிழாவுக்கு அய்யனார் குதிரைகளும் செய்வாராம். அண்ணன் சின்ன வயதில் அதை விட்டு ஸ்டோன்வேர் பட்டறை வேலைக்குப் போனார், பிறகு சென்னைக்கு வந்தார். சம்பளப் பதிவேட்டில் அவர் உதவியாளர்.

ஒருநாள் மதியம் யாருமில்லாத நேரத்தில் அவர் சட்டி செய்தார். சக்கரத்தில் அடியில்லாத தடித்த உருளை ஒன்றை இழுத்து, வாய் மட்டும் சரியாக முடித்து, தோலின் பதத்துக்கு இறுகவிட்டார். பிறகு மடியில் சாய்த்து, உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியிலிருந்து தட்டுப்பலகையால் தட்டத் தொடங்கினார். தட்டத் தட்ட மண் மெலிந்து பரவி, திறந்திருந்த அடி தானாக உருண்டு மூடிக்கொண்டது. அடியில் தையல் மாதிரி எந்தத் தடமும் இல்லை. கம்பியால் அறுத்தால் இதில் எங்கும் ஒரே தடிமன்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இது அடுப்பில் வைக்கிற சட்டி. நம் ஸ்டோன்வேரை நேரடித் தீயில் வைத்தால் விரிசல் விடும். மணல் கலந்து, குறைந்த சூட்டில் சுட்ட சட்டி தாங்கும். அதன் உடம்பு இறுகாமல் நுண்துளைகளோடு இருப்பதால் சூடு ஏறும்போது ஏற்படும் இழுபறியை வாங்கிக்கொள்ளும். உருண்ட அடியில் மூலைகள் இல்லை, அதனால் சூடும் சீராகப் பரவும். மணல் எவ்வளவு என்று கேட்டேன். "அது மண்ணப் பொறுத்தது. வாயில போட்டுக் கடிச்சுப் பாத்துத்தான் எங்கப்பா கலப்பாரு" என்றார்.

மானாமதுரையில் கடம் செய்பவர்களும் இப்படித்தான் தட்டுகிறார்கள். சுதி சேர்வதே அந்தத் தட்டில்தான். அந்த வேலைக்காக மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமியின் புரஸ்கார் பெற்றார். குயவர் குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் சக்கரத்தில் உட்காரும் வழக்கம் இல்லை, தட்டுவதும் வனைந்ததை மெருகேற்றுவதும் அவர்கள் பங்கு. எங்கள் ஸ்டூடியோவில் சக்கரத்தில் உட்காருபவர்களில் முக்கால்வாசிப் பெண்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். பிறப்பு தீர்மானித்த ஒரு வேலை, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடியதாக ஆனது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மாதக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. வகுப்பு அறிவிப்பை ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நம் ஊடகங்கள் ஒருநாள் கொண்டாடின. அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்குள் மாணவராகவோ ஆசிரியராகவோ நுழைவது இன்னும் கஷ்டம்தான்.

கட்டணம் அதிகம் என்று நடத்துபவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. சென்னையில் தரைத்தள வாடகை, வணிக மின்கட்டணம், சூளையின் சுருள்கம்பிகளை அவ்வப்போது மாற்றும் செலவு எல்லாம் நேரில் பார்க்கிறேன். பொதுப்பணம் உள்ளே வந்தால்தான் இது மாறும். அதற்கு முன்மாதிரிகள் இல்லாமலும் இல்லை. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் கலைஞர்கள் குறைந்த கட்டணத்தில் பயன்படுத்தப் பொதுப் பட்டறைகள் இருக்கின்றன, செராமிக்ஸும் அதில் உண்டு. எழும்பூர் அருகே அரசு கவின் கலைக் கல்லூரியில் மட்பாண்டத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. நியூயார்க்கில் கிரீனிச் ஹவுஸ் என்ற சமூகநல இல்லம் 1902ல் ஏழைக் குடியேறிகளுக்காகத் தொடங்கியது, 1909ல் மண்வகுப்பு ஆரம்பித்தது. அங்கே பீட்டர் வோல்கோஸ் போன்ற பெரும் கலைஞர்கள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள், வகுப்பு இன்றும் நடக்கிறது. நம் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில், நூலகக் கட்டடம் ஒன்றின் பின்புறத்தில் ஒரு சூளை வைத்தால் என்ன? கணினி அறைக்கு இடம் ஒதுக்க முடிந்த நமக்கு இது முடியாதா?

ஓவிய ஆசிரியரைப் பற்றி எழுதாமல் விட்டால் தவறாகிவிடும். அவர் அதிகம் பேசாதவர். வியாழக்கிழமை மாலை மண்ணுக்கு வருபவர்களையும் சேர்த்து உட்கார வைத்து வரையச் சொல்வார். பானையை வரையுங்கள் என்று சொல்ல மாட்டார், இரண்டு பானைகளுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தை வரையச் சொல்வார். முதலில் எரிச்சலாக இருக்கும். நாலைந்து தாள் போனபின், பானையின் வளைவு எங்கே தொய்கிறது, கழுத்து எங்கே அவசரமாக முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாம் பானையை மேலிருந்து பார்க்கிறோம், அதன் பக்கவாட்டு வடிவம் நமக்குத் தெரியாது. அக்காவே இந்த வகுப்பில் எங்களோடு உட்கார்ந்து வரைவார். ஓர் ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் மாணவராக உட்காருவதைப் பள்ளியிலோ கல்லூரியிலோ நான் பார்த்ததில்லை.

வகுப்பு அவர் நேரத்தைத் தின்னவில்லையா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "தின்னுது" என்றார் உடனே. மழுப்பவில்லை. வருடத்தில் செய்ய நினைப்பதில் பாதிதான் நடக்கிறது என்றார். கிளேஸ் பரிசோதனைகள் குறிப்பேட்டில் காத்துக் கிடக்கின்றன. அப்புறம் இதையும் சொன்னார்: தனக்கு எப்போதோ கை பழகி மறந்துபோன விஷயங்களை, புதிதாக வருபவருக்கு விளக்கும்போதுதான் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான வாய்விளிம்பை ஏன் அப்படி முடிக்கிறோம் என்று ஒரு மாணவி கேட்டதில், வருடக்கணக்காகச் செய்துவந்த விளிம்பையே மாற்றிவிட்டாராம். என் பெரியப்பா மகன் ரசித்து நின்ற அந்தக் கலயங்களின் விளிம்பு அதுதான். வகுப்பு இல்லாவிட்டால் அவன் பார்த்த கலயமே இருந்திருக்காது.

நான் சட்டி வேலையைப் பார்த்ததை அக்காவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் இல்லை. அவர் ரொம்ப நாளாகவே ஸ்டூடியோ அண்ணனிடம் வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன்தான் தயங்கியிருக்கிறார். "பட்டணத்து ஆளுங்களுக்கு நான் என்ன சொல்லித் தர்றது" என்று. இந்தமுறை ஒப்புக்கொண்டுவிட்டார். பொங்கல் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வகுப்பு. தட்டுப்பலகை, உருண்டைக் கல், மணல் கலந்த மண். கட்டணம் முழுவதும் அவருக்கு. சுடுவதற்கு மின்சூளை வேண்டாம், வைக்கோலும் வறட்டியும் வைத்து மூட்டம் போட ஊரிலேயே இடம் பார்த்திருக்கிறார், அதற்கு ஒருநாள் எல்லாரும் அங்கே போக வேண்டும். அறிவிப்பு தமிழில் ஒட்டியிருக்கிறது, ஆசிரியர் என்ற சொல்லுக்கு எதிரே அவர் பெயர். பத்துப் பேருக்குத்தான் இடம். நான் பெயர் கொடுத்துவிட்டேன், வங்கிக்காரரும் கொடுத்துவிட்டார். பெரியப்பா மகனுக்கு இன்றைக்கு இரவு போன் செய்து, ஓர் இடம் அவனுக்காகப் பிடித்து வைக்கட்டுமா என்று கேட்கப் போகிறேன்.